கண்ணுக்கு வந்த மருந்து, முகத்துக்குப் போனது: போடாக்ஸ் ஊசியின் மருத்துவப் பயன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதத்தில் கை இறுகிப்போனவருக்கு "போடாக்ஸ் போட்டுப் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொன்னால், கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் ஃபிசியோதெரபிஸ்ட். ஊசி போடுவது மருத்துவரின் வேலை, போட்ட பிறகு வரும் மூன்று மாதம் என் வேலை. அதனால் என் பதில்கள் கொஞ்சம் அந்தப் பக்கமே சாயும். கேள்விகள் எல்லாம் சிகிச்சை அறையில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவை.

முகச் சுருக்கத்துக்குப் போடுகிற அதே மருந்தா இது?

அதே மருந்துதான். ஆனால் எது முதலில் வந்தது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணை அறுவை இல்லாமல் நேராக்க வழி தேடி, 1970களில் முதலில் குரங்குகளிலும் பிறகு மனிதர்களிலும் இதைச் சோதித்தார். 1980இல் முடிவுகளை வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மாறுகண்ணுக்கும், இமைகள் தானாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் அனுமதி கொடுத்தது. அப்போது அதன் பெயர் ஆக்குலினம். போடாக்ஸ் என்ற பெயர் பிறகு வந்தது.

புருவ நடுவில் விழும் கோடுகளுக்கு அனுமதி கிடைத்தது 2002இல்தான். அதற்கும் காரணம் இந்த இமை நோய்தான். கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர், 1987 வாக்கில் ஒரு நோயாளிக்கு இமை இறுக்கத்துக்கு ஊசி போட்டுவந்தார். புருவத்துக்கு நடுவிலும் போடச் சொல்லிக் கேட்டார் அந்த நோயாளி. அங்கே போட்டால் முகம் தெளிந்து காணப்படுகிறதாம். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். மிச்சத்தைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று: போடாக்ஸ் என்பது ஒரு வணிகப் பெயர் மட்டுமே. மருந்தின் பெயர் பாட்டுலினம் டாக்ஸின். டிஸ்போர்ட், ஜியோமின், மையோப்ளாக் என்ற பெயர்களிலும் வருகிறது. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் போடாக்ஸ் என்றே சொல்லிவிடுகிறோம்.

விஷம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா சுரக்கும் நஞ்சு இது. தெரிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. பெயர் வந்தது 'பாட்டுலஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. பொருள், சாசேஜ். 1820 வாக்கில் ஜெர்மனியில் கெட்டுப்போன சாசேஜ் தின்று மூச்சடைத்து இறந்தவர்களைப் பற்றி யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் விரிவாக எழுதினார். அவர் கவிஞரும்கூட. தன் உடம்பிலேயே கொஞ்சம் சோதித்துப் பார்த்த துணிச்சல்காரர். இதைச் சிறு அளவில் கொடுத்தால் அடங்காமல் ஆடும் தசைகளை அடக்கலாமே என்று அப்போதே எழுதிவைத்தார். 1895இல் பெல்ஜியத்தின் எல்லசெல் கிராமத்தில், இழவு வீட்டுக்கு வாசிக்க வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் உப்பிட்ட பன்றிக்கறி சாப்பிட்டு நோயில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அந்தக் கறியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இப்போது அளவுக்கு வருவோம். 100 யூனிட் (யூனிட் என்பது மருந்தின் வீரியத்தைக் குறிக்கும் அளவு) போடாக்ஸ் குப்பி ஒன்றில் இருக்கும் நஞ்சு, ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. குப்பியைத் தூக்கிப் பார்த்தால் காலி என்றே தோன்றும். அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் மட்டும் ஒட்டியிருக்கும். அதைச் சலைன் என்ற உப்புநீரில் கரைத்து, தசைக்குள் சொட்டுச் சொட்டாகப் போடுகிறார்கள். போட்ட இடத்தைத் தாண்டி அதிகம் போகாது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. எப்போதாவது போவதும் உண்டு, கீழே சொல்கிறேன்.

தசைக்குள் போய் என்னதான் செய்கிறது?

நரம்பு தசையைச் சுருங்கச் சொல்லும்போது, அதன் நுனியிலிருந்து அசெட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே வரவேண்டும். அது சின்னச் சின்னப் பைகளில் காத்திருக்கிறது. பை நரம்புச் சுவரோடு ஒட்டித் திறப்பதற்குச் சில புரதங்கள் கொக்கி மாதிரி உதவுகின்றன. ஏ வகை டாக்ஸின் அதில் ஸ்னாப்-25 என்ற கொக்கியை வெட்டிவிடுகிறது. பை நிறையச் சரக்கு இருக்கும், வெளியே வர வழியிருக்காது. தசை தளர்ந்துவிடும்.

நரம்பு சாவதில்லை. சில வாரங்களில் பக்கவாட்டில் புதிய முளைகள் விடும். பிறகு பழைய நுனியே தேறி வேலைக்குத் திரும்பும். வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் கட்டளை இதே அசெட்டைல்கோலின் வழியாகத்தான் போகிறது. தசைக்கான ஊசி வியர்வையை எப்படி நிறுத்துகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பக்கவாதம் வந்த கைக்குப் போட்டால் கை வேலை செய்யுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் ஏமாற்றம் தரும் கேள்வியும் இதுதான். போடாக்ஸ் பலம் கொடுக்காது. இறுக்கத்தை மட்டும் குறைக்கும். மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளை வராவிட்டால், இறுகிய கை தளர்ந்த கையாக மாறும். அவ்வளவுதான்.

'அவ்வளவுதான்' என்று சொன்னாலும் அது சின்ன விஷயமில்லை. பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆன ஒரு கையை நினைத்துப் பாருங்கள். கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நான்கும் அதன்மேல் பூட்டுப் போட்ட மாதிரி மூடியிருக்கும். நகம் வெட்ட முடியாது. வளர்ந்த நகம் உள்ளங்கையில் பதிந்து பிறை பிறையாகப் புண்ணாக்கியிருக்கும். வியர்வை உள்ளேயே தேங்கி ஒரு புளித்த வாடை வரும். குளிப்பாட்டும்போது மகளோ மனைவியோ ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க, இவர் வலியில் பல்லைக் கடிப்பார். முன்கையில் விரல்களை மடக்கும் தசைகளுக்கு ஊசி போட்ட பத்தாம் நாள் வாக்கில், அந்த விரல்களுக்கு இடையே நகவெட்டி நுழையும். கை தானாக எதையும் பிடிக்காது, ஆனால் கழுவித் துடைக்கலாம், சட்டைக் கைக்குள் எளிதாக நுழைக்கலாம். வீட்டில் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

விரலைக் கொஞ்சமாவது தானே அசைக்க முடிகிறவர்கள் நிலை வேறு. மடக்கும் தசையின் பிடி தளர்ந்ததும், விரிக்கும் தசைக்கு வாய்ப்புக் கிடைக்கும். அங்கேதான் பயிற்சி பலன் தரும். ஊசி போட்டுவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டால், மூன்று மாதத்தில் மருந்தும் போய்விடும், பழைய இறுக்கமும் வந்துவிடும். நீட்டும் பயிற்சி, இரவில் ஸ்ப்ளின்ட் (கையை நீட்டிய நிலையில் தாங்கும் பட்டை), கையைப் பயன்படுத்தும் வேலை, இவை எல்லாம் அந்த இடைவெளிக்குள் நடக்க வேண்டும்.

எல்லா இறுக்கத்துக்கும் பயன்படுமா?

இல்லை. நரம்புக் கட்டளையால் வரும் இறுக்கத்துக்கு மட்டும்தான். வருடக்கணக்கில் மடங்கியே இருந்து தசையும் நாணும் குட்டையாகிவிட்டால், அங்கே தளர்த்த ஒன்றுமில்லை. கையை வேகமாக நீட்டினால் சட்டென்று தடுக்கிறது, மெதுவாக நீட்டினால் வழிவிடுகிறது என்றால் நம்பிக்கை இருக்கிறது. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஒரே இடத்தில் கயிறு மாதிரி நிற்கிறதா? அப்போது வழி வேறு.

மருத்துவரிடம் சொல்ல மறக்கக்கூடாத ஒன்று: சிலர் தங்கள் இறுக்கத்தையே ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். விறைத்த முழங்கால்தான் அவர்களை நிறுத்துகிறது. அதைத் தளர்த்தினால் ஆள் கீழே விழுவார். ஊசிக்கு முன் அவர் எப்படி எழுகிறார், எப்படி நடக்கிறார் என்று நாங்கள் உற்றுப் பார்ப்பது இதற்காகத்தான்.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குப் போடலாமா?

போடலாம். முக்கியமாக, கெண்டைக்கால் தசை இறுகி நுனிக்காலில் நடக்கும் குழந்தைகளுக்கு. தசை தளர்ந்திருக்கும் நாட்களில் குதிகாலைத் தரையில் பதிக்கப் பழக்குவோம். சில சமயம் மாவுக்கட்டும் போடுவார்கள். அளவு குழந்தையின் எடையை வைத்துக் கணக்கிடப்படும். விழுங்குவதிலோ மூச்சிலோ ஏற்கெனவே சிரமம் இருக்கும் குழந்தையென்றால், அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். மருந்து போட்ட இடத்தைத் தாண்டிப் பரவுவதால் வரும் ஆபத்து இந்தக் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறது. அதற்கு இது மருந்தாகுமா?

கழுத்து டிஸ்டோனியா என்று இதற்குப் பெயர். மாத்திரைகள் பெரும்பாலும் சுமாராகவே கேட்கும். ஊசிதான் முதல் சிகிச்சை. இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. கன்னத்தையோ தாடையையோ விரலால் லேசாகத் தொட்டால் கழுத்து நேரே வந்துவிடும். அழுத்தக்கூட வேண்டாம், தொட்டால் போதும். ஆள் நடிக்கிறார் என்று வீட்டார் சந்தேகப்படுவதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது. நடிப்பில்லை, நோயின் அடையாளமே அதுதான்.

எந்தத் தசை இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் மருத்துவரின் திறமை. அல்ட்ராசவுண்ட் அல்லது தசையின் மின்துடிப்பைக் காட்டும் இ.எம்.ஜி. கருவி உதவியோடு போடுவது வழக்கம். ஒன்றிரண்டு வாரம் விழுங்குவது கொஞ்சம் சிரமமாக இருக்கலாம். அந்த நாட்களில் உணவைக் குழைத்து, நிதானமாகச் சாப்பிட வேண்டும்.

கண் துடிக்கிறது. எனக்கும் போடுவார்களா?

தூக்கமில்லாமல் வரும் சாதாரண இமைத் துடிப்புக்குப் போடமாட்டார்கள், அது தானாகப் போய்விடும். இரண்டு இமைகளும் இறுக மூடிக்கொண்டு சாலையைக் கடக்கவே முடியாத நிலை, அல்லது முகத்தின் ஒரு பாதி முழுக்க வெட்டி வெட்டி இழுக்கும் நிலை, இவற்றுக்குத்தான் ஊசி. மிகச் சிறிய அளவே போதும். இமை சில வாரம் கொஞ்சம் தொங்கலாம், கண் உலர்ந்து உறுத்தலாம்.

ஒற்றைத் தலைவலிக்கு உடனே கேட்குமா?

தலைவலி வந்தபிறகு நிறுத்துகிற மருந்தில்லை இது. வராமல் தடுக்கிற மருந்து. அதுவும் எல்லோருக்கும் இல்லை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, வந்தால் 4 மணி நேரமாவது நீடிக்கும் நாட்பட்ட மைக்ரேனுக்குத்தான் 2010இல் அனுமதி கிடைத்தது. மாதம் நான்கைந்து முறை வருகிறவர்களுக்குப் பலன் நிரூபணமாகவில்லை.

நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்தலை, கழுத்து, தோள் என 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒருமுறை. 31 என்று கேட்டதும் பயந்துவிடாதீர்கள். மெல்லிய ஊசி, கால் மணி நேர வேலை. இங்கே மருந்து தசையைத் தளர்த்துவதால் மட்டும் தலைவலி குறைவதில்லை. வலியைக் கடத்தும் நரம்பு நுனிகள் விடும் ரசாயனங்களையும் அது தடுக்கிறது என்றே கருதப்படுகிறது. முதல் தடவையில் ஏமாற்றமாக இருந்தாலும் இரண்டு மூன்று முறை பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அதுவரை தலைவலி வந்த நாட்களைக் குறித்து வாருங்கள். நினைவை நம்பிச் சொல்லும் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் இருக்கும்.

அக்குள் வியர்வைக்கு?

நன்றாகக் கேட்கும். பூச்சு மருந்துகள் தோற்றுப்போனவர்களுக்கு 2004இலேயே அனுமதி வந்துவிட்டது. ஊசிக்கு முன் ஒரு பரிசோதனை செய்வார்கள், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். அக்குளில் அயோடின் தடவி, காய்ந்ததும் ஸ்டார்ச் மாவு தூவுவார்கள். வியர்வை சுரக்கும் இடம் மட்டும் கருநீலமாகத் திட்டுத் திட்டாக மாறும். அந்த வரைபடத்தைப் பார்த்து, ஒரு அக்குளுக்கு 50 யூனிட் வீதம் தோலுக்கு அடியில் அல்ல, தோலுக்குள்ளேயே போடுவார்கள். பலன் பெரும்பாலும் ஆறு மாதமாவது நிற்கும். உள்ளங்கைக்கும் சில மருத்துவர்கள் போடுவதுண்டு. ஆனால் அங்கே வலி அதிகம், பிடியும் சில வாரம் தளரலாம்.

சிறுநீர் அடக்க முடியாமைக்கும் இதுவா?

ஆமாம், பலருக்கும் தெரியாத பயன் இது. தண்டுவடக் காயம், மல்ட்டிப்பிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு நோய் போன்றவற்றால் சிறுநீர்ப்பை தறிகெட்டுச் சுருங்குபவர்களுக்கு 2011இலும், நரம்பு நோய் இல்லாமலேயே அவசர அவசரமாக ஓட வேண்டியிருப்பவர்களுக்கு 2013இலும் அனுமதி கிடைத்தது. மெல்லிய குழாய்க் கேமராவைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, சுவரில் 20 அல்லது 30 இடங்களில் போடுவார்கள்.

சம்மதிக்கும் முன் ஒன்றை யோசித்தாக வேண்டும். பை தேவைக்கு மேல் தளர்ந்துவிட்டால் சிறுநீர் முழுதாக வெளியேறாது. சில வாரமோ மாதமோ நீங்களே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டி வரலாம். எல்லோருக்கும் வராது, சிலருக்கு வரும். 'அப்படி வந்தால் செய்துகொள்வேன்' என்று மனதார ஒப்புக்கொண்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது போடக்கூடாது.

வேறு எதற்கெல்லாம்?

பார்க்கின்சன் நோயில் எச்சில் வழிவதற்கு, உமிழ்நீர்ச் சுரப்பியில். ஆறாத ஆசனவாய் வெடிப்புக்கு, அங்குள்ள வளையத் தசையில். உணவுக்குழாயின் கீழ்வாய் திறக்காத அக்கலேசியாவுக்கு எண்டோஸ்கோப்பி வழியாக, பெரும்பாலும் அறுவையைத் தாங்க முடியாத வயதானவர்களுக்கு. குரல் நெரிபட்டு விட்டு விட்டு வரும் நோய்க்குக் குரல்நாண் தசையில் போடுவார்கள். முதல் சில நாள் குரல் காற்றாகப் போகும், பிறகு தெளியும். பிறந்ததிலிருந்தே ஏப்பம் விட முடியாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, தெரியுமா? வயிறு உப்பி, தொண்டையில் தவளை கத்துகிற மாதிரி சத்தத்தோடு அவதிப்படுவார்கள். உணவுக்குழாயின் மேல்வாய்த் தசையில் ஒரு ஊசி போட்டதும் வாழ்க்கையின் முதல் ஏப்பம் வருகிறது. பலருக்கு ஒரு முறை போட்டாலே போதுமாக இருக்கிறது.

இவற்றில் சில முறைப்படி அனுமதிக்கப்பட்டவை, சில மருத்துவரின் அனுபவத்தில் நடப்பவை. உங்களுக்குச் சொல்வது எந்த வகை என்று கேட்பதில் தவறில்லை. பல் நறநறப்புக்குத் தாடைத் தசையில் போடுவது இரண்டாவது வகை. மனச்சோர்வுக்கு நெற்றியில் போடுவது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

போட்ட அன்றே பலன் தெரியுமா? எத்தனை நாள் நிற்கும்?

அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் தொடங்கி, இரண்டு வாரம் வாக்கில் உச்சத்துக்கு வரும். தசைகளில் மூன்று, நான்கு மாதம். 'மறுநாளே ஒன்றும் ஆகவில்லையே' என்று வேறு இடத்தில் போய் இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு எதிர்ப்பொருள் உருவாக்கி, மருந்தே கேட்காமல் போகும் வாய்ப்பு உண்டு.

ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா?

நோயைப் பொறுத்தது. கழுத்து டிஸ்டோனியாக்காரர்கள் பல வருடம் போட்டுக்கொள்கிறார்கள். பக்கவாதக் கைக்குச் சிலருக்கு இரண்டு மூன்று சுற்றோடு தேவை முடிந்துவிடும்.

பக்கவிளைவு என்னென்ன? யாருக்குக் கூடாது?

போட்ட இடத்தில் வலி, சிறு ரத்தக்கட்டு, பக்கத்துத் தசையில் தற்காலிகத் தளர்ச்சி. இவை சாதாரணம். அரிதாக மருந்து தொலைவுக்குப் பரவி உடம்பு முழுக்க அசதி, இரட்டைப் பார்வை, குரல் மாற்றம், விழுங்குவதில், மூச்சில் தடங்கல் வரலாம். மணி நேரத்திலும் வரலாம், வாரங்கள் கழித்தும் வரலாம். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். அமெரிக்காவில் 2009இலிருந்து இந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடுகிறார்கள்.

மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு–தசை நோய் உள்ளவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஜென்டாமைசின் வகை ஆன்ட்டிபயாடிக், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை இரண்டையும் சொல்லுங்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டிஸ்போர்ட் கூடாது.

போன முறை 500 யூனிட், இந்த முறை வேறு மருத்துவர் 200தான் போட்டார். குறைத்துவிட்டாரா?

பெரும்பாலும் மருந்தின் பெயர் மாறியிருக்கும். டிஸ்போர்ட்டின் யூனிட்டும் போடாக்ஸின் யூனிட்டும் ஒன்றல்ல, நேரடியாக மாற்றிக் கணக்குப் போடவும் கூடாது. ஒவ்வொரு முறையும் பெயர், யூனிட், தேதி, எந்தெந்தத் தசை என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு போதும். இடையில் அழகுக்காக முகத்தில் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள், மொத்த அளவுக்கு ஒரு வரம்பு இருக்கிறது.

அழகு நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. 2024இல் அமெரிக்காவில் போலிக் குப்பிகள் புழங்கி, பலர் மருத்துவமனை வரை போனார்கள். அசல் மருந்தாக இருந்தாலும் குளிர்பெட்டியில் இருந்து எடுத்து, உங்கள் கண் முன்னால் கரைத்துப் போட வேண்டும். தசையின் உடற்கூறு தெரிந்த கை போட வேண்டும்.

ஊசி போட்ட அன்று குளிக்கலாமா, நடக்கலாமா?

தாராளமாக. போட்ட இடத்தை அன்றைக்குத் தேய்க்காதீர்கள், உருவிவிடாதீர்கள். எண்ணெய் போட்டு நீவிவிடும் பழக்கம் உள்ள வீடுகளில் இதை இரண்டு தடவை சொல்வேன். ஸ்ப்ளின்ட் அளவெடுக்கப் பத்து நாள் கழித்து வரச் சொல்வோம். அன்றைக்கு மறக்காமல் நகவெட்டியும் எடுத்து வாருங்கள்.